கடைசி பெஞ்சு கனகா

மாலை ஆறு மணிக்கு எங்கள் ஊர் மாதா கோயிலில் மணி அடிக்கிறது. மூன்றாவது அடி ஓய்ந்ததும் நீ இருமுவாய் என்று இன்றைக்கும் காத்திருந்தேன். தேர்த் திருவிழாவுக்கு வந்தபோது அந்த மணியை நீதான் உன் போனில் பதிவு செய்தாய். உன் இருமலும் சேர்ந்து பதிவாகிவிட்டது. நம் பள்ளிக்கூடத்துக்கு அதையே மணியாக வைத்தோம்; வருகைப் பதிவில் யார் பெயரைக் கூப்பிட்டாலும் அவர்கள் போனில் அதுதான் அடிக்கும்.

பள்ளிக்கூடம் என்று சொன்னால் என் வீட்டில் சிரிக்கிறார்கள். போனுக்குள், எழுத்திலேயே நடக்கும் ஒரு விளையாட்டுப் பள்ளி. எல்லாருக்கும் பொய்ப் பெயர், எல்லாருக்கும் ஒரு வேஷம். நீ புவியியல் மிஸ், நான் வரலாறு மிஸ். மாணவர்களில் பாதிப் பேர் நம்மைவிட மூத்தவர்கள். வேலை முடிந்து வந்து, சீருடை போட்டுக்கொண்டதாகப் பாவித்து ஏழு மணிக்கு உட்காருவார்கள். என் வகுப்பில் மட்டும் பத்தாவது நிமிடம் 'மேசையில் தலை வைத்துத் தூங்குகிறேன்' என்று எழுதிவிட்டு நழுவிவிடுவார்கள். திருவாண்டார்கோயில் கம்பெனியில் நாளெல்லாம் நின்றுவிட்டு வந்து பாடம் எழுதுகிறவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்போதுதான் நீ கனகாவை உண்டாக்கினாய். உன் போனிலேயே இன்னொரு பெயரில் நுழைந்து, ஒன்றும் தெரியாத கடைசி பெஞ்சுக்காரியாக உட்கார்ந்தாய். அது நீ என்று எனக்கு மட்டும்தான் தெரியும். ஏரி வெட்டிய ராஜாவைப் பற்றி நான் பத்தி பத்தியாக அளந்துகொண்டிருந்தபோது கனகா கேட்டாள்: "மிஸ், வெட்டுன மண்ணையெல்லாம் எங்க கொட்டுனாங்க?" தூங்கியவர்கள் எல்லாரும் எழுந்து வந்து அரை மணி நேரம் அடித்துக்கொண்டார்கள். பிறகு எனக்குப் போன் செய்து சொன்னாய், "கிளாஸ்ல ஒரு மக்கு இருக்கணும்டி. அவ வாயத் தொறந்தாதான் மத்தவங்களுக்குத் தைரியம் வரும்."

மஞ்சள் காமாலை என்றார்கள். பத்து நாள்கூட ஆகவில்லை, போய்விட்டாய். அதைப் பள்ளியில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேஷத்துக்குள்ளேயே நின்று, 'புவியியல் மிஸ் மாற்றலாகிப் போகிறார்' என்று அறிவிப்புப் போட்டேன். அவர்களும் விளையாட்டுத்தானே என்று பிரிவு உபசார விழா நடத்தினார்கள். கேக் வெட்டினார்கள், கிண்டல் செய்தார்கள். நான் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அந்தப் பொய்யை எப்படித் திரும்ப எடுப்பது என்று தெரியவில்லை.

கனகாவை மறந்தே போயிருந்தேன். மறுவாரம் வருகைப் பதிவில் பழக்க தோஷத்தில் அவள் பெயரையும் கூப்பிட்டுவிட்டேன். 'உள்ளேன் மிஸ்' என்று பதில் வந்தது. பயந்துபோய்ப் போனைக் கவிழ்த்து வைத்தேன். அடுத்த நாளும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை உன் ஊர் பாகூருக்குப் பஸ் ஏறினேன். உன் அம்மா தனியாக இருந்தார். சாமி படத்துக்குக் கீழே உன் போன் சார்ஜில் கிடந்தது. ஆஸ்பத்திரியில் உன் கையில் டிரிப் ஏறிக்கொண்டிருந்தபோது நீ சொல்லிக்கொடுத்தாயாம். "மணி அடிச்சா பச்சைய அமுக்கும்மான்னுச்சு. இல்லன்னா ஆப்சென்ட் போட்டுடுவாங்களாம். மணியோட அது இருமுது பாரு, அதக் கேட்டதும் ஓடியாந்து அமுக்கிடுவேன். வேற இன்னா பண்றது?"

அந்தப் பச்சைப் பொத்தான் 'உள்ளேன் மிஸ்' என்று அனுப்புவதுகூட அவருக்குத் தெரியாது. எழுதப் படிக்கத் தெரியாதவர். பயம் தெளிந்து வீடு திரும்பினேன்.

மறுநாள் பாடத்தை முடித்து, சந்தேகம் உண்டா என்று கேட்டேன். வழக்கம்போல ஒருவரும் பேசவில்லை. பிறகு, கனகா எழுதிக்கொண்டிருப்பதாகத் திரை காட்டியது. வெகுநேரம் காட்டியது.

"மிஸ், மாத்தலாகிப் போன மிஸ் எந்த ஸ்கூல்ல இருக்காங்க?"

அன்றைக்கு ஒருவரும் தூங்கவில்லை. மற்றவர்களும் அதையே கேட்க ஆரம்பித்தார்கள். வேஷத்தைக் கழற்றி வைத்துவிட்டு, "அவள் இறந்துவிட்டாள், நான் பொய் சொன்னேன்" என்று எழுதினேன். ஒவ்வொருவராகத் தங்கள் சொந்தப் பெயரைச் சொல்லி உனக்காக எழுதினார்கள்.

அந்தக் கேள்வியை யார் எழுதியது என்று உன் அம்மாவிடம் நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். அதற்குப் பிறகு கனகா எதுவும் கேட்டதில்லை. மக்குக் கேள்விகளை இப்போது நானே கேட்டுக்கொள்கிறேன், வகுப்பு விழித்திருக்கிறது. அவள் பெயரைக் கடைசியாகக் கூப்பிடுகிறேன். நேற்று பதில் வர வெகுநேரம் ஆயிற்று. பாடத்தைத் தொடங்காமல் காத்திருந்தேன். உனக்கு ஆப்சென்ட் போட மாட்டேன்டி.