பின்லாந்தின் மேல் ஒரு கோடு

1941 அக்டோபர் 14, செவ்வாய்

கம்பளிக் காலுறை பின்னும் கூட்டத்துக்கு அரை மணி முன்னதாகவே போய் எண்பது தாள்களில் சிவப்புக் கோடு போட்டேன். இரண்டு குளிர்காலங்களுக்கு முன் ரஷ்யா பின்லாந்தைத் தாக்கியபோது இங்கிலாந்தில் இந்த ஹல் நகரமே கண்ணீர் விட்டது. நாங்களும் குழு சேர்த்து, ‘பின்லாந்து வீரர் உதவிக் குழு’ என்று தலைப்பிட்டுக் கடிதத் தாள்கூட அச்சடித்தோம். இப்போது ரஷ்யா நம் கூட்டாளி. தாள் மீதி இருக்கிறது.

“பின்லாந்தை அடிச்சுட்டு மேல ரஷ்யான்னு எழுதுங்க, மிஸ் ஹோல்ராய்ட். போர்க்காலத்துல காகிதத்த வீணாக்கலாமா?” என்றார் தலைவி திருமதி கிரிம்ஷா.

காலுறையின் அளவு மட்டும் மாறவில்லை.

ஹெல்வி லிண்ட்ரூஸ் வழக்கம்போல எல்லோரையும்விட ஒரு ஜோடி அதிகம் பின்னியிருந்தாள். பின்லாந்துக்காரி, கப்பல்காரரின் விதவை, பதினேழு வருடமாக இதே துறைமுகத்தில். அவள் தம்பி அங்கே ஜெர்மானியரோடு சேர்ந்து ரஷ்யர்களை எதிர்த்துப் போரிடுகிறான்.

“தம்பி அவங்களச் சுடுறான். அக்கா அவங்களுக்குக் குளிராம பாத்துக்குறேன். குடும்பமா உழைக்கிறோம், மில்லி,” என்றாள்.

நவம்பர் 5

நான்காம் வகுப்பில் ஒரு பெண்: “மிஸ், போன வருஷ நோட்டுல ரஷ்யா கொடுமைக்கார நாடுன்னு நீங்கதான் எழுதிப் போட்டீங்க. அத அடிச்சுடலாமா?”

அடிக்கலாம் என்றேன். வரலாற்று ஆசிரியை வேறு என்ன சொல்வாள்?

டிசம்பர் 8, திங்கள்

பத்திரிகை முழுக்க ஜப்பானின் தாக்குதல். அடியில் நான்கு வரி: ரஷ்யாவின் வேண்டுகோளுக்கு இணங்கி நாம் பின்லாந்து மீதும் போர் அறிவித்திருக்கிறோம். நான்கே வரி. சமையல் குறிப்புக்கு அதைவிட அதிக இடம்.

பள்ளி விட்டதும் ஹெல்வி வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்து, “எதிரி வீட்டுல டீ குடிப்பியா?” என்றாள். சிரித்தோம். அப்புறம் அவள் கெட்டிலை வைக்க மறந்து அடுப்படியிலேயே நின்றாள்.

டிசம்பர் 11

போலீஸ் சார்ஜன்ட் தாக்ரே வந்து அவள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாராம். எதிரி நாட்டவள் சைக்கிள் வைத்திருக்கக் கூடாது, துறைமுக ஊரிலும் இருக்கக் கூடாது. கிறிஸ்துமஸுக்குள் கிளம்ப வேண்டும். புருஷன் கல்லறை, வீடு, வேலை எல்லாம் இங்கே. எங்கே போவாள்?

சார்ஜன்ட் நல்ல மனிதர். “நம்பிக்கையான சங்கம் ஏதாவது நற்சான்று எழுதிக் குடுத்தா மேலிடம் யோசிக்கும்,” என்றாராம்.

சங்கமா? நான்தானே செயலாளர்!

டிசம்பர் 12

எழுதிக் கொடுத்துவிட்டேன். குழுவின் தாளில், ஒரு பக்கம் முழுக்க. 1940 ஜனவரியிலிருந்து அவள் பின்னிய நூற்றுப் பதினெட்டு ஜோடி, பனியில் வீடு வீடாக அலைந்து சேர்த்த போர்வைகள் — ஒன்றையும் விடவில்லை. கூட்டக் குறிப்பேட்டைப் பார்த்துத் தேதி வாரியாக எழுதினேன். இவ்வளவு நல்ல கடிதம் நான் எழுதியதே இல்லை.

டிசம்பர் 16, செவ்வாய்

கூட்டத்தின் நடுவில் சார்ஜன்ட் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். மறு கையில் என் கடிதம்.

“மிஸ், இவங்க 1940லேருந்து பின்லாந்துப் படைக்கு உதவி பண்ணாங்கன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. தேதியோட.” இருமினார். “மொத்தக் குழுவும் பண்ணிச்சுன்னும் இருக்கு. கோட்டுக்கு அடியில என்ன அச்சடிச்சிருக்குன்னு வேற நல்லாவே தெரியுது.”

அட, முட்டாளே. முட்டாளே.

அவர் போனதும் திருமதி கிரிம்ஷா தீர்மானம் கொண்டுவந்தார். கடிதம் குழுவின் அனுமதியின்றி எழுதப்பட்டது, திரும்பப் பெறப்படுகிறது. குழு தொடங்கியது 1941 செப்டம்பரில். அதற்கு முன் எதுவும் இல்லை.

“ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க.”

முதலில் உயர்ந்த கை ஹெல்வியுடையது. “எல்லாரும் தூக்குங்கம்மா, கம்பளி ஆறிடப் போகுது,” என்றாள். யாரும் சிரிக்கவில்லை. தூக்கினார்கள்.

“எதிர்ப்பு?”

செயலாளருக்கும் ஓட்டு உண்டு. ஆனால் நான் எழுதிக்கொண்டிருந்தேன். பேனா பிடித்த கை எப்படி உயரும்? ‘ஒருமனதாக நிறைவேறியது’ — கையெழுத்து அழகாக வந்திருக்கிறது.

டிசம்பர் 23

9.40 வண்டி. ஹெல்வி ஒரு பெட்டியோடு போய்விட்டாள். தம்பியைப் பற்றி நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

1942 ஜனவரி 20

கூட்டம். காலுறைகள் குறைந்திருப்பதாகத் தலைவி வருந்தினார். பதிவு செய்தேன்.

மார்ச் 12

ஹெல்வியின் கடிதம், கடலே இல்லாத டார்பிஷரிலிருந்து.

‘இங்கேயும் ரஷ்யாவுக்குப் பின்னுகிறார்கள். எந்த ஊர் என்று கேட்டார்கள், ஹல் என்றேன். நகரத்துக்காரி, எழுதத் தெரிந்தவள் என்று போன வாரம் என்னையே செயலாளராக்கிவிட்டார்கள். தலைவி யார் தெரியுமா? வாரா வாரம் நான் கையெழுத்துப் போடப் போகிற போலீஸ்காரரின் மனைவி. குறிப்பேடு எப்படி எழுதுவது, மில்லி? உனக்குத்தான் அது நன்றாக வரும்.’

குத்திக்காட்டுகிறாளா? இல்லை. அவளுக்கு அது வராது. உண்மையாகவே கேட்கிறாள், அதுதான் தாங்கவில்லை.

மார்ச் 15

மூன்று நாளாக எழுதி எழுதிக் கிழித்தேன். தேதி முதலில், வந்தவர்கள் பெயர் அடுத்து, தீர்மானம் அதன்பின் — இதெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்லித் தரலாம். இன்று ஒரு வரி மட்டும் எழுதித் தபாலில் போட்டேன்:

‘கை தூக்கச் சொல்லும்போது பேனாவைக் கீழே வைத்துவிடு.’