மூன்றாம் மாடியிலிருந்து முதல் மாடிக்கு

அன்பு மகள் மெஹ்ரீனுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையால் நாங்கள் சுகம், நீயும் மாப்பிள்ளையும் சுகமாயிருக்க துஆ கேட்கிறோம். இந்தச் சுகத்தை இன்றுதான் உண்மையாக எழுதுகிறேன் மகளே. போனில் பேசினால் உன் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து என்னை முறைப்பாள், அதனால்தான் கடிதம்.

பில்டிங் லிஃப்ட் நின்றதிலிருந்து ஐந்து மாதமாக அவள் தெருவில் கால் வைக்கவில்லை. மூன்று மாடி இறங்க முட்டி விடவில்லை. உனக்குத் தெரிந்தால் ஸ்ரீரங்கத்தில் பார்த்து வைத்திருக்கிற ஃப்ளாட்டுக்கு மாற்றிவிடுவாய் என்று என் வாயை அடைத்துவிட்டாள். வெயில் தடுக்க முகப்பில் வரிசையாக நிற்கும் சிமெண்ட் பலகைகளைப் பார்த்து ஆட்டோக்காரர்கள் இன்னும் இதைச் சீப்பு பில்டிங் என்றுதான் சொல்கிறார்கள். கல்யாணமாகி வந்த அன்று, ஒரு பூவேலைகூட இல்லாத மொட்டைக் கட்டிடம் என்று முகம் சுளித்தவள், அந்தப் பலகைகளின் இடுக்கில் நின்று மெயின்கார்டு கேட் கூட்டத்தைப் பார்த்தே பொழுதைக் கழித்தாள். எல்லார் தலையும் தெரியுது, ஒரு முகமும் தெரியலங்க என்றாள் ஒருநாள். எனக்கு மனசு தாங்கவில்லை. ஃப்ளாட்டுக்குச் சரி சொல்லி உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

அன்றைக்குத்தான் முதல் மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தும் பேட்ரிசியா டீச்சர் அவளைப் பார்க்க ஏறி வந்தார். பிள்ளைங்களுக்கு முட்டி நல்லாத்தான் இருக்கு அக்கா, அவங்க ஏறட்டும், நீங்க என் இடத்துக்கு வந்துடுங்க என்றார். கீழே கடை, நடுவில் ஆபீஸ், மேலே வீடு என்று பிரித்துக் கட்டியவர் இதை நினைத்தே பார்த்திருக்கமாட்டார். ஓனரும் தலையாட்டினார். கீழே பேக் கடை வைத்திருக்கும் நவ்ஷாத் தன் ஆட்களோடு பதினாலு மெஷினையும் மேலே ஏற்றி, நம் கட்டில் பீரோவை இறக்கிக் கொடுத்தான். உன் அம்மாவை நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்தோம், வெட்கத்தில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

பழக்க தோஷத்தில் காலை ஆறு மணிக்குப் பிள்ளைகள் நம் ஹாலுக்குள் வந்துவிடுகிறார்கள். அறிவுமதி என்ற பெண் பேப்பரும் கையுமாகச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தே விட்டாள். உன் அம்மா டீ கொடுத்துத்தான் மேலே அனுப்புகிறாள். நேற்று உள்ளறையில் அஸர் தொழுதுவிட்டு ஹாலுக்கு வருகிறேன், வீடு திறந்து கிடக்கிறது, ஆள் இல்லை. பதறி இறங்கினால் நவ்ஷாத் கடை வாசலில் மல்லிகைப் பூவுக்குப் பேரம் பேசிக்கொண்டு நிற்கிறாள். பதினெட்டுப் படி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தனியாக இறங்கியிருக்கிறாள். நான் அழுதுவிட்டேன், நடுத்தெருவில் இது என்ன கூத்து என்று திட்டினாள்.

அதனால் ஃப்ளாட் இனி வேண்டாம் மகளே, கோபித்துக்கொள்ளாதே. வேளைக்குச் சாப்பிடு, ஃபஜ்ர் தொழுகையை விட்டுவிடாதே. அல்லாஹ் உங்கள் இருவருக்கும் எல்லா பரக்கத்தும் தரட்டும். பெருநாளைக்கு வரும்போது பழைய நினைப்பில் மூன்று மாடி ஏறிப் போய்விடாதே, டீச்சர் உன்னையும் மெஷின் முன்னால் உட்கார வைத்துவிடுவார். முதல் மாடிக்கும் அவசரப்பட்டு ஏறவேண்டாம். ஆட்டோ வந்து நிற்கிற இடத்தில் உன் அம்மா நிற்பாள்.

இப்படிக்கு,
உன் அத்தா,
நிஜாமுதீன்