நம் ஏரிக்கு வசந்தா வருகிறாள்

பரணில் கிடந்த பயணப் பையை இன்று காலை இறக்கினேன். ஜிப்பைத் திறந்ததும் நீலகிரித் தைல வாசனை குப்பென்று அடித்தது. போன முறை நீ மூடியைச் சரியாகத் திருகாமல் வைத்து, என் சேலைகளில் எல்லாம் கொட்டி வைத்தாயே, அந்த வாசனைதான். சேலைகளைத் துவைத்ததும் போய்விட்டது, பையிலிருந்து மட்டும் போகவில்லை. மொட்டைமாடியில் வெயிலில் போடலாம் என்று தூக்கினேன். மனசு வராமல் மறுபடி மூடிவிட்டேன்.

பையை எதற்கு இறக்கினாய் என்று கேட்பாய். ஏரிக்குத்தான். ஆனால் இந்தத் தடவை என்னோடு வருவது வசந்தா. உன் பள்ளிக்கூடத்துத் தோழி, வண்டியூர்க்காரி, வாய்க்கு வாய் "எங்க வசந்தா, எங்க வசந்தா" என்பாயே, அதே வசந்தா. நீ போய் ஒரு வருசம் திரும்பப் போகிறது. அவளாகவே போன் செய்தாள்.

"வருசா வருசம் அவ உங்க கூட ஒரு ஏரிக்கு வருவாளே, அங்க என்னையும் கூட்டிட்டுப் போறீங்களா?"

முடியாது என்று சொல்லத்தான் நினைத்தேன். "அதுக்கென்ன, போவோம்" என்று வாய் சொல்லிவிட்டது. போனை வைத்த பிறகு அடுப்படிப் பாத்திரங்கள் எல்லாம் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டன.

எனக்கு அவளை எப்போதுமே ஆகாது, அது உனக்கும் தெரியும். அவள் கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். தல்லாகுளத்து ஆபீஸில் உனக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. ஒரே பஸ், உன் டிபன் பாக்ஸில் என் கை, என் டிபன் பாக்ஸில் உன் கை. ஆனாலும் நான் வருவதற்கு முன்னாலேயே உனக்கு ஒரு வாழ்க்கை இருந்தது, அது முழுக்க அவள் இருந்தாள். நீ பேச்சுவாக்கில் "அது வசந்தாவுக்குத் தெரியும்" என்பாய். அந்த ஒரு வார்த்தைக்காக அன்று பூராவும் உன்னோடு பேசாமல் இருந்திருக்கிறேன். "என்னடி, மூஞ்சி திருமங்கலம் வரைக்கும் நீளுது?" என்று கேட்டுவிட்டு நீ பாட்டுக்கு வேலையைப் பார்ப்பாய்.

ஏரி மட்டும் என்னுடையது. பழனிக்கும் திருவண்ணாமலைக்கும் நீ அவளோடு போவாய். ஏரிக்கு என்னோடு மட்டும்தான். கொடைக்கானலுக்கும் மேலே, கடைசி பஸ் திரும்புகிற ஊருக்குப் பக்கத்தில், கரையைச் சுற்றி மரக் கேபின்கள். ஒவ்வொரு வருசமும் வேறு வேறு கேபின் பார்ப்போம். பார்ப்போம் என்ன, பார்ப்பது நீதான். மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவியதும் போனை ஸ்பீக்கரில் போட்டு, கேபின்காரர்களை வரிசையாகக் கூப்பிட்டு விசாரிப்பாய். வெந்நீர் வருமா, அடுப்பு தருவீங்களா, கம்பளியைத் துவைச்சு எம்புட்டு நாளாச்சு என்று கேட்டு அவர்களைத் திணறடிப்பாய். பாத்ரூமை வீடியோவில் காட்டச் சொல்லி, வாளியைக் கூடக் கவிழ்த்துக் காட்டச் சொல்வாய். எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக ஒன்று கேட்பாய்.

"தண்ணி எம்புட்டு தூரத்துல இருக்கு?"

"வாசல்ல எறங்குனா தண்ணிதாங்க்கா."

உடனே நீ ஒன்றும் பேச மாட்டாய். அப்புறம் என்னைப் பார்த்து, "உனக்குப் புடிச்ச எடம் கெடச்சிருச்சு, போட்ருவமா?" என்பாய். சந்தோஷத்தில் உனக்குப் பேச்சு வரவில்லை என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அங்கே போனால் நான் படியில் உட்கார்ந்து தண்ணீரில் காலை விட்டுக்கொண்டிருப்பேன். நீ கதவுப் பக்கம் சுவரில் சாய்ந்து டீ குடிப்பாய். "எனக்கு முதுகு வலிடி, சாய எடம் வேணும்" என்பாய். படகில் ஏறினாலோ உன் வாய் ஓயாது. என் கையைப் பிடித்துக்கொண்டு ஆபீஸ் கதை, சீரியல் கதை, மேனேஜர் பெண்டாட்டி கதை என்று கொட்டித் தீர்ப்பாய். துடுப்புப் போடுகிறவர் கூடச் சிரிப்பார். கரைக்கு வந்து பார்த்தால் என் மணிக்கட்டில் உன் நகம் பதிந்திருக்கும். "பேச்சு சுவாரசியத்துல கிள்ளிட்டேன்டி" என்பாய். நானும் நம்பினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கேபின் பார்க்க வசந்தா என் வீட்டுக்கு வந்தாள். உனக்குப் பிடித்த மிளகுச் சேவு வாங்கி வந்திருந்தாள். எனக்குப் பிடித்தது என்னவென்று அவளுக்கு எப்படித் தெரியும்? சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போனில் போட்டோக்களைத் தள்ளிக்கொண்டே போனோம். லீவு நாட்கள் என்பதால் பெரும்பாலும் நிரம்பிவிட்டன. கடைசியில் இரண்டுதான் தேறின. ஒன்று தண்ணீர் மேலேயே பலகை அடித்துத் திண்ணை மாதிரி விட்ட கேபின். இன்னொன்று மேட்டில், மரங்களுக்குப் பின்னால் இருப்பது. அதன் ஜன்னலைத் திறந்தால் மண் ரோடும் கோழிக்கூடும்தான் தெரியும்.

நான் முதலாவதைத் தொட்டேன். "இதுதான். அவ இருந்தா இதைத்தான் போட்ருப்பா. தண்ணிய ஒட்டுனாப்புல இருந்தாத்தான் அவளுக்குப் புடிக்கும்."

கொஞ்சம் அழுத்தித்தான் சொன்னேன். உன்னைப் பற்றி எனக்குத் தெரிந்ததை அவள் முன்னால் கடை பரப்ப வேண்டும் என்று அவ்வளவு ஆசை எனக்கு.

வசந்தா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அவளுக்கா? தண்ணியப் பாத்தாலே அவளுக்கு உசுரு போயிருமே. உங்களுக்குத் தெரியாதா?"

அப்புறம்தான் சொன்னாள். ஆறாவது படிக்கும்போது, தைத் தெப்பத் திருவிழாவுக்காகத் தெப்பக்குளத்தில் தண்ணீர் விட்டிருந்த சமயம், பாசிப் படியில் வழுக்கி உள்ளே போய்விட்டாயாம். சடையைப் பிடித்து இழுத்துப் போட்டது அவள்தானாம். அதிலிருந்து கிணற்றைக் கூட எட்டிப் பார்க்க மாட்டாயாம்.

கேட்டதும் உன்மேல் இரக்கம் வந்தது என்று எழுதினால் நீயே சிரிப்பாய். பொறாமைதான் வந்தது. உயிரைக் காப்பாற்றியவளோடு நான் என்ன போட்டி போடுவது? நான் உனக்குச் செய்ததெல்லாம் பஸ்ஸில் கர்ச்சீப் போட்டு இடம் பிடித்ததுதான்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று அவளைக் கேட்டேன். உன்னைக் கேட்க வேண்டியது.

"சொன்னா நீங்க வேற எடம் பாத்திருப்பீங்கல்ல. ஏரியக் கண்டதும் உங்க மூஞ்சி சின்னப் பிள்ளையாட்டம் ஆயிருமாமே. அதைப் பாக்கத்தான் போறேன்னு சொல்லுவா. போறதுக்கு முந்தின நாளு எங்கிட்ட வந்து பொலம்பிட்டுத்தான் கெளம்புவா."

ஆக, என்னோடு கிளம்புவதற்கு முன்னால் அவளிடம் போய்ப் புலம்பியிருக்கிறாய். அதையும் குறித்துக்கொண்டேன். நான் சேவுப் பொட்டலத்தை மடித்துக்கொண்டிருந்தேன். அவள் நிறுத்தவில்லை.

"எங்க வீடு தெப்பக்குளத்துக்கு எதுத்தாப்புலதான இருக்கு. அவ வந்தா ஆட்டோவைப் பின்சந்துல விடச் சொல்லித்தான் எறங்குவா. எம் மக கல்யாணத்துக்கு முந்தின நாளு, குளத்தைச் சுத்தி ஒரு நடை போயிட்டு வருவோம்டின்னு கெஞ்சுனேன். வரலையே. தண்ணிக்குள்ள இருந்து இழுத்துப் போட்டவ நான். எங்கூடக் கரையில நடக்கல. உங்கூடப் படகுல ஏறியிருக்கா. உனக்கு என்ன கொறை?"

'நீங்க' எப்போது 'நீ' ஆனது என்று அவள் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். அவள் முகத்தில் இருந்தது எனக்கு நன்றாகப் பழக்கமான சமாச்சாரம். இத்தனை வருசமாகக் கண்ணாடியில் பார்த்ததுதான்.

"அப்ப அந்த மேட்டுக் கேபினையே போட்ருவோம்" என்றேன்.

"வேணாம். தண்ணி மேல இருக்கதையே போடு. எனக்குப் படகுலயும் போகணும். எங்க உக்காந்து எப்பிடிப் போனான்னு நான் பாக்கணும்."

அதையே போட்டோம். நியாயமாக என் பொறாமை அன்றோடு தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை, இடம் மாறி உட்கார்ந்துகொண்டது. சிரித்த உன்னை எனக்குக் கொடுத்தாய், பயந்த உன்னை அவளுக்குக் கொடுத்தாய். எனக்கும் கொஞ்சம் பயத்தைக் கொடுத்திருக்கலாம். நீ என் கையைப் பிடித்தது பயத்தில் என்று தெரிந்திருந்தால் நானும் இறுக்கிப் பிடித்திருப்பேனே. ஏரியையே வேடிக்கை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டேன்.

வாசலில் செருப்பை மாட்டும்போது வசந்தா தயங்கி நின்றாள். ஆஸ்பத்திரியில் அந்த மத்தியானம் உன்னோடு இருந்தது நானும் அவளும்தான். அவள் டீ வாங்கக் கீழே இறங்கிய நேரத்தில்தான் நீ போனாய்.

"கடைசியா உங்கிட்ட ஏதாச்சும் சொன்னாளா?" என்று கேட்டாள்.

சொன்னாய். "ஃபேனைக் கொறைடி, குளிருது" என்றாய். அவ்வளவுதான். நான் எழுந்து போய்க் குறைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன், நீ இல்லை.

அதை வசந்தாவிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "பெருசா ஒண்ணுமில்ல" என்றேன். அவள் நம்பவில்லை. ஏதோ பெரிய ரகசியத்தை நீ என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனதாக நினைத்துக்கொண்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். நினைத்துக்கொள்ளட்டும். உன்னைச் சடையைப் பிடித்து இழுத்தது அவளிடம் இருக்கட்டும், இது என்னிடம் இருக்கட்டும்.

இந்த மதுரை வெயிலில் ஃபேனை ஒன்றுக்கு மேல் நான் வைப்பதில்லை. வேர்த்துக் கொட்டுகிறது, வீட்டில் எல்லோரும் திட்டுகிறார்கள். அவர்களிடமும் காரணம் சொல்லவில்லை.