பாஸ்போர்ட்டில் இருந்த பெயர்

அன்பு அக்காவுக்கு,

போனை ஆன்டோ உடைத்துவிட்டதால் கடிதம் எழுதுகிறேன். இடது கையால் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பயப்படாதே.

உன்னிடம் வந்துவிட நீ எடுத்த டிக்கெட்டில் என் பெயரோடு அப்பா பெயர் இருந்தது. பாஸ்போர்ட்டிலோ புருஷன் என்று ஆன்டோவின் பெயர். திருச்சி விமான நிலைய வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். வெளியே இருந்த விமானக் கம்பெனி கவுன்ட்டரில் கெஞ்சினேன்.

"பேரைத் திருத்த முடியாதுங்க. ரூல்ஸ் அப்படி. புது டிக்கெட்தான் எடுக்கணும்" என்றாள் அங்கிருந்த பெண்.

அழுதுகொண்டு நிற்கும்போதே ஆன்டோ என்னைத் தேடிக் கும்பகோணத்திலிருந்து வந்துவிட்டான். முடியைப் பிடித்து என் முகத்தைக் கவுன்ட்டர் கண்ணாடியில் மோதினான். வலது கையை முறுக்கினான். "என் பொண்டாட்டி, குடும்ப விஷயம்!" என்று அவன் கத்தியதும் எல்லோரும் ஒதுங்கி நின்றார்கள்.

பெட்டி தள்ளும் வண்டியை அவன் முழங்காலில் ஓங்கி இடித்தேன். விழுந்தவனை மறுபடியும் இடித்தேன். எலும்பு உடைந்த சத்தம் கேட்டது. நான் நிறுத்தவில்லை. அந்தக் கவுன்ட்டர் பெண்தான் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். "போதும் அக்கா, விட்டுடுங்க. அவர்தான் முதல்ல அடிச்சாரு, நான் போலீஸ்ல சொல்றேன்."

இப்போது திருச்சி பெரியாஸ்பத்திரியில் இருக்கிறேன். அடுத்த டிக்கெட்டை உடனே எடுத்துவிடாதே, அக்கா. முதலில் பாஸ்போர்ட்டிலிருந்து அவன் பெயரை எடுத்துவிட்டு வருகிறேன்.

உன் தங்கை