கல்லீரலின் டைம்கீப்பர்

என் தங்க மருமகளே,

நான் இங்கே ராஜா மாதிரி இருக்கிறேன். ஆஸ்பத்திரியில் ஜன்னல் ஓரக் கட்டிலே எனக்குத்தான். கண் கொஞ்சம் மஞ்சள், அவ்வளவுதான்.

நேற்று பெரிய டாக்டர் என் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். உன் ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து நீ போனில் சொன்னதை வைத்து அவருக்கே பாடம் எடுத்துவிட்டேன். "டாக்டர், கல்லீரல் செல்லுக்குள்ள ஜீன் எல்லாம் டிப்போல பஸ் மாதிரி நிக்குது. எது கிளம்பணும், எது நிக்கணும்னு சொல்றது டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபாக்டர். முப்பது வருஷம் நான் பார்த்த டைம்கீப்பர் வேலைதான் அது!" வார்டே கைதட்டியது. டாக்டர் குறிப்பெடுத்துக்கொண்டார்.

என் அக்கா, உன் அம்மாதான், மானத்தை வாங்கினாள். "அவர் எழுதினது உன் ரத்த ரிப்போர்ட்டுடா. வாயை மூடிட்டுப் படு."

ஒன்றை மட்டும் டாக்டரிடம் சொல்லவில்லை. கல்லீரல் செல்லை உடம்பிலிருந்து பிரித்து ஆராய்ச்சிக்கூடத் தட்டில் வளர்த்தால், சில நாளிலேயே அந்த ஃபாக்டர்கள் குறைந்துபோய், அது தான் ஒரு கல்லீரல் செல் என்பதையே மறக்கத் தொடங்கும் என்றாயே. அன்றைக்குச் சிரித்தேன். நீ ஊரை விட்டுப் போய் நான்கு வருஷம் ஆகிறது, மருமகளே.

வியாழக்கிழமை ஆபரேஷன். கொசுக்கடி மாதிரிதான். பிழைப்பது பாதிக்குப் பாதி என்று யாராவது சொன்னால் நம்பாதே. நீ வரவேண்டாம், உன் செல்களைப் பார்.

புதன்கிழமை காலையில் ஒரு விமானம் வருகிறதாம், சும்மா விசாரித்தேன். பார்வையாளர் நேரம் நாலு முதல் ஆறு. அன்றைக்கு வேறு யாரும் வரக்கூடாது என்று சொல்லிவிட்டேன். இங்கே இருப்பது ஒரே ஒரு நாற்காலி.

வாசலைப் பார்த்தபடி,
உன் மாமா