பாபின் கேஸ்

மணக்காடு, திருவனந்தபுரம்
6 செப்டம்பர்

அன்புள்ள நயினார் அண்ணனுக்கு,

என் தையல் மெஷினிலிருந்து பாபின் கேஸைக் கழற்றி ஒளித்து வைக்கச் சொன்னது நீதான். அம்மா தானாகச் செய்திருக்க மாட்டாள். அவளுக்கு அதன் பெயர்கூடத் தெரியாது. அடிநூல் வைக்கும் அந்தக் கட்டைவிரலளவு இரும்பு இல்லாவிட்டால் மெஷின் வெறும் மேசை என்று தெரிந்தவன், அதை எனக்கு வாங்கித் தந்த நீ ஒருவன்தான்.

வாட்ஸ்அப்பில் என்னை பிளாக் செய்துவிட்டாய். அதனால் இதைத் தாளில் எழுதி, லீவு முடிந்து துபாய் திரும்பும் யூசுப் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். உன் அறையிலேயே இருப்பவர், கையில் தந்துவிடுவார். அம்மா சுகம்தான். முட்டி வலிக்குத் தைலம் தேய்க்கிறாள். ஓணத்துக்கும் அவளுக்கு லீவு கிடைக்கவில்லை.

முதலில் அந்த அவசரத்தைப் பேசிவிடலாம். எனக்கு நீச்சல் சொல்லித் தந்த பிஜு சார், விண்ணப்பத்தில் இருந்த உன் நம்பரைப் பார்த்துக் கூப்பிட்டார். "கௌசல்யக்கு இதொரு நல்ல அவசரமாணு. சேட்டன் சம்மதிக்கணம்" என்றாராம். மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு. நான் இங்கே பள்ளிக்கூடம் போனேன். நீ வள்ளியூரில் சித்தப்பா வீட்டில் இருந்து படித்தாய். உனக்கு அவசரம் என்றால் அவசரம்தான். உடனே அம்மாவைக் கூப்பிட்டு, "அவளுக்கு என்னம்மா அவசரம்? எவனோ சம்மதம் கேக்கான்" என்று கத்தினாய். அம்மா இரண்டு நாள் என் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிஜு சாரின் மூத்த மகள் கல்லூரியில் படிக்கிறாள். அவரிடம் சொன்னபோது இருமல் வரும்வரை சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அம்மா விளக்கிச் சொன்ன பிறகும் நீ இறங்கி வரவில்லை. அதற்குள் என் ஸ்டேட்டஸில் நான் தைத்த நீச்சல் உடையைப் பார்த்துவிட்டாய். ஹேங்கரில் தொங்கிய துணி, அண்ணா. உள்ளே நான்கூட இல்லை.

என்ன வாய்ப்பு என்று நீ கேட்கவே இல்லை. எங்கள் நீச்சல் குளத்தில் சொல்லிக்கொடுக்கப் பெண் ஆள் கிடையாது. பெண் பிள்ளைகளுக்குப் பத்து வயதானதும் வீட்டில் நிறுத்திவிடுகிறார்கள். இத்தனை கடல் உள்ள ஊரில் பையன்கள் நீந்துகிறார்கள், பெண்கள் கரையில் அவர்களுடைய செருப்புக்குக் காவல் நிற்கிறார்கள். சொல்லிக்கொடுக்கும் அந்த வேலைக்குப் பதினான்காம் தேதி தேர்வு. நானூறு மீட்டர் நீந்த வேண்டும். சுடிதாரோடு இறங்க விடமாட்டார்கள். விட்டாலும் பேண்டில் தண்ணீர் நிறைந்து கீழே இழுக்கும். நான் நீச்சல் கற்றது இரவல் உடையில். அது தொடையில் நைந்துபோய்விட்டது. கடையில் கிடைப்பது முதுகு இல்லாதது, இல்லையென்றால் சின்னப் பிள்ளைகளுக்கானது. கையை மூடி முட்டிவரை வருவது என் இடுப்புக்குக் கிடைக்கவில்லை. அதனால்தான் தைத்தேன்.

நீ ஓட்டலில் சூப்பர்வைசர் என்று சொந்தக்காரர்களிடம் சொல்கிறோம். நீச்சல் குளத்தில் டவல் கொடுக்கிறாய். அதில் ஒரு கேவலமும் இல்லை. நாள் முழுக்க நீச்சல் உடையில் வருகிறவர்களுக்கு குட்மார்னிங் மேடம் சொல்கிறாய். அம்மா பதினாறு வருஷமாகக் கோவளத்து ஓட்டல் சலவையில் அதே உடுப்புகளைத் துவைக்கிறாள். அந்தச் சம்பளத்தில்தான் நீ படித்தாய். ஊரார் உடுத்தினால் நமக்குச் சோறு. நான் உடுத்தினால் மட்டும் மானக்கேடா?

முதல் உடை வீணாகிப்போனது. துணி இழுபடும் பக்கம் உடம்பைச் சுற்றி வர வேண்டும். நான் நெட்டுவாக்கில் வெட்டிவிட்டேன், அது இடுப்பில் ஏறவே இல்லை. இரண்டாவதுதான் நீ படத்தில் பார்த்தது. குளத்தில் முதல் வீச்சுக்கே அக்குளில் நூல் டப் டப் என்று அறுந்தது. லைக்ராத் துணி நீள்கிறது, மெஷின் நூல் நீள்வதில்லை. மூன்றாவதற்குச் சாலைக் கடைத்தெருவில் கருநீலத் துணி எடுத்துவந்து, இழுத்துப் பிடித்துத் தைக்கப் பழகினேன். ஒரு பக்கம் முடித்திருந்தேன். மறுநாள் வந்து பார்த்தால் பாபின் கேஸைக் காணோம்.

கையால் தைக்கிறேன். ஒரு தையல் முன்னே, அரைத் தையல் பின்னே. மெஷின் தையலைவிட இது நன்றாக நீள்கிறது. உனக்கு நன்றி சொல்லலாம், ஆனால் சொல்லமாட்டேன்.

இன்னொன்றையும் தெரிந்துகொள். முந்தாநாள் அம்மா வேலை முடிந்து வந்து, கைகூடக் கழுவாமல் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். துணியை வாங்கி விரலால் தடவிப் பார்த்தாள். "ஏட்டி, தொடைக்கு நடுவுல ரெட்டைத் துணி குடு. வெள்ளக்காரி உடுப்பே அங்கனதான் மொதல்ல நையும்" என்றாள். பிறகு ஊசியை எடுத்து அவளே அந்த இடத்தைத் தைக்க ஆரம்பித்தாள். அப்படியென்றால் பாபின் கேஸைக் கொடு என்றேன். "நயினாருக்கு வாக்குக் குடுத்துட்டேன்லா. அவன் மிஷினத்தான் சொன்னான். ஊசியச் சொல்லல" என்றாள். தலை நிமிரவில்லை.

இப்போது தினமும் வந்து தைக்கிறாள். சலவைச் சோடா அரித்த விரல்கள். ஊசி குத்தினால் வாயில் வைத்துக்கொண்டு மறுபடி தைக்கிறாள்.

பாபின் கேஸ் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். உளுந்து டப்பாவுக்குள். எடுக்கமாட்டேன். கடையில் வேறொன்று வாங்கவும் மாட்டேன். இந்த உடுப்பு கையாலேயே முடிந்துவிடும், பதினான்காம் தேதி காலை ஏழு மணிக்கு நான் தண்ணீரில் இருப்பேன். அம்மாவும் வருகிறேன் என்கிறாள். உன்னிடம் சொல்லாமல் வருவது அவளுக்கு முள்ளாகக் குத்துகிறது. அவள் திருட்டுத்தனமாக வந்து அங்கே நிற்பதை என்னால் பார்க்க முடியாது.

வெயிலில் நிற்கிறவன், தண்ணீர் நிறையக் குடி. கால் வெடிப்புக்கு அம்மா மருந்து அனுப்பியிருக்கிறாள், யூசுப் அண்ணன் பையில் இருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

எனக்குப் பதில் போட வேண்டாம். பதினான்காம் தேதிக்கு முன்னால் அம்மாவைக் கூப்பிடு. "பாபின் கேஸை அவளிடம் கொடுத்துவிடு" என்று உன் வாயால் சொல்.

உன் தங்கை,
கௌசல்யா