ஜாக்கெட்டுக்குக் கையெழுத்தாகிவிட்டதாம், முனீசு

என் இடுப்பைவிட்டு இறங்காமலே வளர்ந்த என் தம்பி முனீசுக்கு,

நல்லா இருக்கியா என்று ஆரம்பித்தே உனக்கு எழுதிப் பழகிவிட்டேன். இப்போது எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. சரி, சேதியைச் சொல்லிவிடுகிறேன். குண்டு துளைக்காத புது ஜாக்கெட் வரவேயில்லை என்று பட்டாளத்தில் இருந்த காலமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாயே, அதை வாங்க டெல்லியில் கையெழுத்தாகிவிட்டதாம். போன வாரம் பேப்பரில் போட்டிருந்தார்கள். நீ போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது.

முதன்முதலில் நீ அந்தப் பேச்சை எடுத்த நாள் ஞாபகம் இருக்கா? அன்றைக்கு நம் அம்மன் கோவில் பொங்கல், அதனால் தேதி எனக்கு மறக்கவில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். "புது ஜாக்கெட் இன்னும் வரலம்மா, பழசத்தான் மாட்டிக்கிட்டுத் திரியிறோம்" என்றாய். அம்மா பதறிப்போய், "ஏலே, ஆம்பளப் பயலுக்கு எதுக்குலே ஜாக்கெட்டு? அங்கன பொம்பள வேசம் கட்டி ஆடுறீகளா?" என்று கேட்டாள். நீ சிரித்து முடிக்க எம்புட்டு நேரமாச்சு!

அப்புறம்தான் விளக்கினாய். ஒரு ஜாக்கெட்டை இரண்டு பேர் மாற்றி மாற்றிப் போடுகிறீர்களாம். காவல் முடிந்து வருகிறவன் கழற்றிக் கொடுத்ததை, அவன் வேர்வை ஈரத்தோடு அடுத்தவன் மாட்டிக்கொண்டு போகணுமாம். உள்ளே இருக்கிற தகடு கீறல் விட்டுப்போச்சு என்றும் சொன்னாய்.

அம்மாவுக்கு அது விளங்கவே இல்லை. பட்டாசுக் கம்பெனியில் அவள் பார்க்காத ஆபத்தா? "எங்க ஃபோர்மேன், தரையில ரப்பர் ஷீட்டு விரிக்கலன்னா மருந்து ரூமுக்குள்ள கால் வைக்க விடமாட்டாக. சர்க்காரு எப்படிலே பிள்ளைகள இப்படி நிறுத்தும்?" என்றாள். நீ பேச்சை மாற்றி, சாப்பிட்டியாம்மா என்று கேட்டாய்.

என் தப்பையும் சொல்லியாக வேண்டும். அந்த வருஷம் பாதுகாப்பு மந்திரி நம் பக்கம் வருகிறார் என்று எங்கள் பிரஸ்ஸுக்கு வரவேற்பு போஸ்டர் ஆர்டர் வந்தது. திருத்தங்கலில் எனக்கு டிசைன் வேலை. வாசகமும் நானே யோசித்துக் கொடுத்தேன். 'கறை படியாத கரங்களே, வருக!' பெரிய எழுத்தில் போட்டு, பெருமையாக உனக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். உடனே கூப்பிட்டாய். "ஏக்கா, அந்தக் கை எந்த ஃபைல்லயும் கையெழுத்தே போடாது. பெறகு எங்கிட்டு இருந்து கறை படியும்?"

நான் சண்டைக்கு வந்தேன். அஞ்சு பைசா வாங்காத மனுஷன் என்று ஊரே சொல்கிறதே என்றேன். "நல்லவருதான்க்கா, நான் இல்லேங்கல. கையெழுத்துப் போட்டா நாளைக்கு ஊழல்னு கேஸ் வந்துருமோன்னு பயம். போடலன்னா ஒருத்தனும் கேக்கமாட்டாம்ல?" என்றாய்.

அவர் போனார். அடுத்தவர் வந்தார். அவர் டெண்டரை ரத்து செய்து, எல்லாச் சோதனையையும் முதலில் இருந்து நடத்தச் சொன்னார். அதற்கும் அடுத்தவர் ஒரு குழு போட்டார். எனக்கு ஒவ்வொரு தடவையும் புதுப் படம், புதுப் போஸ்டர். உனக்கு அதே பழைய ஜாக்கெட். இதில் ஒருத்தரும் கெட்டவர் இல்லை பார். யாரை வைவேன் நான்?

உன் பட்டாளக் கூட்டாளி ராஜேஷ்தான் நீ போன சேதியைச் சொன்னான். "நெஞ்சுலதான்க்கா பட்டுச்சு. ஜாக்கெட்டு போட்டுத்தான் இருந்தான்." 

இப்போது கையெழுத்தானதும் நம் வார்டு கட்சிக்கார அண்ணாச்சி பிரஸ்ஸுக்கு வந்தார். இன்றைய மந்திரி மேலே பெரிசாக, நீ யூனிஃபார்மில் கீழே சின்னதாக. 'மாவீரன் கண்ட கனவை நனவாக்கிய தலைவரே!' என்று போடணுமாம்.

"அவன் என்ன கனவு கண்டான்னு உங்களுக்குத் தெரியுமா அண்ணாச்சி? லீவுல வந்தா நாலு நாளு யாரும் எழுப்பாம தூங்கணும். அம்புட்டுத்தான் அவன் கனவு" என்றேன்.

"ஒரு பேச்சுக்குத்தானம்மா. எலெக்‌ஷன் வருதுல்ல, மனசுல வச்சுக்கிடாத" என்றார்.

வீட்டில் சொன்னால் அம்மா கொதிப்பாள் என்று நினைத்தேன். "போட்டுட்டுப் போறாக, விடு ஆத்தா" என்றாள். "எவுக அடிச்சா என்ன? அஞ்சலி போஸ்டரு மழையில கிழிஞ்சுபோச்சு. பஸ் ஸ்டாண்டு செவுத்துல எம்புள்ள மொகத்த நாலு சனம் பாக்கட்டும்." எனக்குப் பொசுக்கென்று அழுகை வந்துவிட்டது. அவளுக்கு உன் முகம் வேணும். எனக்கோ உன் முகத்தை இன்னொருத்தர் காலடியில் ஒட்ட மனசு வரவில்லை. நான் யார் பக்கம் நிற்பது, சொல்லு?

அண்ணாச்சியிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன்.  "அந்த ஆர்டர் போனாப் போகுது. உனக்கு எப்படித் தோணுதோ அப்படி அடி" என்றார் பிரஸ் முதலாளி. முழுத் தாளிலும் உன் முகத்தைப் போட்டேன். தலைவர் படம் இல்லை, கொடி இல்லை, பட்டம் இல்லை. கீழே மூன்று வரி. ஜாக்கெட் வரவில்லை என்று சொன்ன நாள். சுடப்பட்ட நாள். ஜாக்கெட்டுக்குக் கையெழுத்தான நாள். நேர் நேராகத் தேதி மட்டும்.

நேற்றுக் காலையில் நானும் அம்மாவும் பசை வாளியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். ஒட்டி முடித்ததும் உன் கன்னத்தில் வழிந்த பசையை அம்மா முந்தானையால் துடைத்தாள். "என்ன எழுதியிருக்க, வாசி ஆத்தா" என்றாள். வாசித்தேன். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள். விரலை மடக்கி மடக்கிக் கணக்குப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"அந்தக் கடைசி வரியத் தூக்கி நடுவுல போட்டுருத்தா. நீதான் கம்ப்யூட்டர்ல எல்லாத்தையும் மாத்துவியே."

குண்டுக்கு முன்னால் கையெழுத்து விழுந்துவிடுமாம், முனீசு.

ராஜேஷிடம் பேசினேன். கையெழுத்துதான் ஆகியிருக்கிறது, ஜாக்கெட் இன்னும் அங்கே போய்ச் சேரவில்லையாம். அவனுக்கும் சாத்தூரில் ஒரு அம்மா இருக்கிறாள். அவன் உடம்பில் அது ஏறுகிறவரைக்கும் மாசம் தவறாமல் டெல்லிக்கு எழுதுவேன், பதில் போட்டாலும் போடாவிட்டாலும். அந்த அம்மா முன்னால் நின்று நான் மூன்று வரி வாசிக்கும்படி ஆகவிடமாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

நீ வாயாடி என்று வைத, வாய் இன்னும் அடங்காத
உன் அக்கா,
மாரீஸ்வரி